கவ்வலும் ஒப்படைப்பும்: ரிட்ரீவர் நாய்ப் பயிற்சியில் வாயின் ஒழுக்கம்

1. பொருளும் துணிபும்

சுடப்பட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து, சிதைக்காமல் கொண்டுவந்து, சுட்டவரின் கையில் கொடுப்பது ரிட்ரீவர் நாயின் தொழில். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இதற்கெனவே இனங்கள் உருவாக்கப்பட்டன. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் வளர்த்த செயின்ட் ஜான்ஸ் நாய்களின் வழிவந்தது லாப்ரடார். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் தொடங்கிய கலப்பிலிருந்து வந்தது கோல்டன்.

எடுத்துக்கொண்டு ஓடிவரும் ஆசை இந்நாய்களின் இரத்தத்தில் ஊறியது. ஆனால், வாயை அசைக்காமல் பிடித்திருப்பதும், கேட்ட பிறகே விடுவதும் கற்பித்தால்தான் நிலைக்கும். ஆசை இருப்பதைக் கண்டு ஒழுக்கமும் இருப்பதாக நம்பிவிடுவதே பயிற்சியாளர்களின் முதற்பிழை. ஒப்படைப்பில் நேரும் பழுதுகளுக்குப் பெரும்பாலும் நாயின் வாயைவிடப் பறவையை வாங்கும் கையே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. நல்ல கவ்வலின் இலக்கணம்

முதுகின் குறுக்கே, மடங்கிய இறக்கைகளோடு சேர்த்துக் கவ்வுவதே நல்ல பிடி. உடலின் நடுவில் பிடித்தால் இருபுறமும் எடை ஒத்துநிற்கும். உயிருள்ள பறவையும் இறக்கையை விரிக்க முடியாது. ஓர் இறக்கையை மட்டும் பற்றினால் மற்றது முகத்தில் அடிக்கும். நாய் மிரண்டு பல்லை இறுக்கும். மென்மையான வாய் கடினப்படுவது இப்படித்தான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் களப்போட்டிகளில் கடினவாய் மன்னிக்கப்படாத குற்றம். அந்த நாய் போட்டியிலிருந்து விலக்கப்படும். நடுவர் பறவையின் விலா எலும்புகளை விரல்களால் தடவி, அவை நொறுங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். உயரத்திலிருந்து விழுந்த அதிர்ச்சியாலும் பறவைக்குக் காயம் உண்டாகும். எனவே பழியை அவசரப்பட்டு நாயின்மேல் சுமத்தக்கூடாது. சேதமான பறவையைப் பார்க்கும் வாய்ப்பை நாயின் உரிமையாளருக்கும் தருவது முறை.

3. கையில் ஏன் கொடுக்க வேண்டும்

விழும் பறவை எல்லாம் இறந்திருப்பதில்லை. நீரிலிருந்து கரையேறும் நாய் உடலை உதறிக்கொள்வதற்காக வாத்தைக் கீழே போட்டால், உயிருள்ள வாத்து மறுபடி நீரில் பாய்ந்து மூழ்கிவிடும். காயத்தோடு தப்பும் பறவை நாணலுக்குள் பல நாள் வதைபட்டுச் சாகக்கூடும். ஆகவே கையில் ஒப்படைப்பதைப் போட்டி நாகரிகமாக மட்டும் கருத முடியாது. சுட்டவர் அந்த உயிருக்குப் பட்டிருக்கும் கடமையும் அதில் அடங்கியிருக்கிறது. உதறலை அடக்கி நேரே கைக்கு வரும் நாயே முழுப்பயிற்சி பெற்றது.

4. தொடங்கும் பருவம்

குட்டிக்குச் சுமார் நான்காம் மாதத்தில் பாற்பற்கள் விழத் தொடங்கும். ஏழாம் மாதத்துக்குள் 42 பற்களும் நிறைந்துவிடும். ஈறு வலிக்கும் அந்த இடைக்காலத்தில் கவ்வல் பயிற்சி வேண்டாம். வலியோடு சேர்ந்து பதிந்த பாடத்தை அழிப்பது கடினம்.

5. பிடிக்கக் கற்பித்தல்

இப்பாடத்தில் எறிதலே கூடாது. எறிந்தால் ஆசை கிளம்பும். இங்கு வேண்டியது அமைதி. நாயை உட்காரவைத்து, துணி சுற்றிய மரக்கட்டையைக் கோரைப்பற்களுக்குப் பின்னால் மெல்ல வைத்து, தாடைக்கடியில் விரல்களால் தாங்க வேண்டும். மெல்லாமல் ஓரிரு நொடி இருந்தாலே போதும். அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும். விட்டபிறகு பாராட்டினால் விடுவதே நற்செயல் என்று நாய் புரிந்துகொள்ளும். பலர் பொறுமையோடு கற்பித்தும் தோற்பது இந்தச் சிறு காலப்பிழையால்தான்.

நொடிகளை மெல்லக் கூட்டலாம். பிறகு கட்டையோடு எழுவது, நடப்பது, திரும்பி வந்து உட்காருவது என்று பாடம் நீளும். இவை உறுதியான பிறகு ஏறக்குறைய 450 கிராம் எடையுள்ள கான்வாஸ் டம்மி. அதன்பின் குளிர்ந்த இறந்த பறவை. இறுதியாகவே அப்போது சுடப்பட்ட வெதுவெதுப்பான பறவை. முதற்பறவையின் இறக்கைகளை உடலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் நாய் நடுப்பிடியைத் தானே கண்டுகொள்ளும். புறாவின் இறகுகள் எளிதில் உதிர்ந்து நாக்கில் ஒட்டுவதால் நாய் வாயை மெல்லும். அதைப் பழகாத நாய்க்கு முதலில் கொடுக்காதிருப்பது நலம்.

6. வலியால் கற்பித்தல்

காதைக் கிள்ளி, நாய் கட்டையைக் கவ்வியதும் கிள்ளலை நிறுத்தும் முறை அமெரிக்காவில் நெடுங்கால வழக்கு. பிரிட்டனில் பெரிதும் வழக்கில் இல்லை. விளையாட்டாகச் செய்வதைக் கடமையாக மாற்ற இதுவே வழி என்பது அதை ஆதரிப்போர் வாதம். தேர்ந்தவர் கையில் அது பலன் தருவதை மறுக்க முடியாது. ஆயினும் மென்மையான வாயை வேண்டி, அந்த வாய் திறக்கவே வலியைக் கருவியாக்குவதை இக்கட்டுரையாளரால் ஏற்க இயலவில்லை. மேலே சொன்ன படிகளைப் பொறுமையுடன் கடப்பவருக்கு அதன் தேவையும் எழுவதில்லை.

7. வாங்கும் கை

ஓடிவரும் நாயை நோக்கிப் பாய்ந்து பறவையைப் பிடுங்குபவர், நாய் விலகிச் சுற்றவோ எட்டவே போட்டுவிடவோ தாமே பழக்குகிறார். இழுத்தால் இன்னும் கெடும். இழுக்கும் பொருளை இறுக்குவது விலங்கின் இயல்பு. அருகில் வந்த நாயின் மார்பையும் கழுத்தையும் முதலில் தடவ வேண்டும். பறவை வாயிலேயே இருக்கட்டும். பிறகு இரு கைகளையும் பறவைக்கு அடியில் கொண்டுபோய், விடும் சொல்லை ஒருமுறை மட்டும் சொல்லி, பறவையை வாய்க்குள் சற்றே தள்ளினால் தாடை தளரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். வாங்கியதைச் சில நேரம் திரும்பக் கொடுத்து, இன்னும் சற்றுத் தூரம் சுமக்க விடுவதும் நல்லது. கொடுத்தால் இழந்துவிடுவோம் என்ற அச்சம் அதனால் குறையும். அச்சமற்ற நாய்க்கு நம் கையை விட்டு விலகிநிற்கக் காரணம் இராது.