செகாவ் பார்த்த ரெண்டு வேலை: அக்கா மகளுக்கு ஒரு திருத்தம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் கேட்டாள். "மாமா, டாக்டராவும் இருந்துகிட்டு படம் வரையறதையும் ஒரு தொழிலா வச்சுக்க முடியுமா?" எம்.பி.பி.எஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக ஓடிக்கொண்டிருக்கிறாள். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. அதில் வார்டில் பார்த்த முகங்களும் கைகளும். ஒரு பதிப்பகம் அவளிடம் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் கேட்டிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. "ஏன், செகாவ் பண்ணலையா?" என்றேன். "சரி மாமா" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் எனக்குத்தான் உறுத்தல். செகாவைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது, அவர் 1888ல் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய புகழ்பெற்ற உவமை மட்டும்தான். மருத்துவம் சட்டப்படி மனைவி, இலக்கியம் காதலி, ஒன்று அலுத்தால் இன்னொன்றிடம் போவேன் என்கிற மாதிரி. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் காசு எங்கிருந்து வந்தது, நேரம் எங்கிருந்து வந்தது, உடம்பு என்ன ஆனது என்று அதில் ஒன்றும் இல்லை. பி.ஈ. படித்து இருபது வருடமாகக் கோட் எழுதிப் பிழைக்கிற, விடிகாலையில் மட்டும் வரலாறு படிக்கிற எனக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். அவருடைய கடிதங்களையும் சகலின் பற்றிய புத்தகத்தையும் எடுத்து உட்கார்ந்தேன். பார்த்தால், நான் அவளிடம் சொன்னது பாதிதான்.

முதலில் காசு.

நம்ம ஊர் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: "சோத்துக்கு ஒரு வேலை வச்சுக்கோ, ஆசைக்கு எழுது." செகாவ் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். 1860ல் தாகன்ரோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு மளிகைக் கடை. 1876ல் கடன் முற்றி அப்பா மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார், குடும்பமும் பின்னாலேயே போனது. பையன் மட்டும் ஊரில் தங்கி, டியூஷன் எடுத்துப் பள்ளியை முடித்தான். 1879ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். அடுத்த வருடமே நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். ஆரம்பத்தில் வரிக்கு 5 கோபெக். அதாவது ஒரு ரூபிள் பார்க்க 20 வரி எழுத வேண்டும். அப்பா, அம்மா, தம்பி தங்கைகள் அந்த வரிகளில்தான் சாப்பிட்டார்கள்.

1884ல் டாக்டர் ஆன பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நோயாளிகள் நிறைய வந்தார்கள், ஃபீஸ்தான் வரவில்லை. ஏழைகளிடமும் நண்பர்களிடமும் அவர் வாங்குவதுமில்லை. ஆக, இலக்கியத்துக்கு மருத்துவம் சோறு போடவில்லை. மருத்துவத்துக்குத்தான் இலக்கியம் சோறு போட்டது.

இதுல இன்னொரு வேடிக்கை. வயிற்றுப்பாட்டுக்கான கதைகளில் 'அந்தோஷா செகோன்தே' போன்ற புனைபெயர்களைப் போட்டார். சொந்தப் பெயரை மருத்துவக் கட்டுரைகளுக்கு என்று எடுத்து வைத்திருந்தார். 1886ல் மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச், உன்னிடம் உண்மையான திறமை இருக்கிறது, அதை மதி என்று கடிதம் எழுதினார். செகாவின் பதில் கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலம்: நான் கழுத்துவரை மருத்துவத்தில் மூழ்கியவன், ஒரு கதைக்கு ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவில்லை. ரஷ்ய மருத்துவத்தின் வரலாறு என்று ஆராய்ச்சிக்குக் குறிப்புகள்கூடச் சேர்த்துக்கொண்டிருந்தார். அது முடியவேயில்லை. (முடியாத ஆராய்ச்சிக் குறிப்புகள் என்றதும் எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.)

இரண்டாவது, வேலை.

ஒருவர் ரெண்டு வேலை பார்க்கிறார் என்றால் காலையில் இது, ராத்திரி அது என்று பிரித்துக்கொள்வதாக நாம் கற்பனை செய்கிறோம். செகாவிடம் ரெண்டும் ஒன்றாகிப்போன இடம் சகலின் தீவு.

1890ல், முப்பது வயதில், யாரும் அனுப்பாமல் தானாகவே கிளம்பினார். சைபீரியாவைத் தாண்டி, ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள சிறைத்தீவு அது. ரயில், படகு, பெரும்பாலும் குதிரை வண்டி என்று போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மாதம். தீவில் தங்கியதும் மூன்று மாதம்தான். அங்கே அவர் செய்த வேலையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தீவிலேயே அட்டைகள் அச்சடித்து, குடிசை குடிசையாகப் போய் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார். ஊர், வீட்டு எண், கைதியா குடியேறியவரா, வயது, மதம், பிறந்த இடம், தீவுக்கு வந்த வருடம், தொழில், எழுத்தறிவு, திருமண நிலை... ஆளுக்கு ஒரு அட்டை. மொத்தம் சுமார் 10,000 பேர். நாள் கணக்கில் வகுத்தால் தினமும் நூறு பேருக்கு மேல்.

பெண்களின் அட்டையில் சிவப்புப் பென்சிலால் நீளவாக்கில் ஒரு கோடு. ஆணா பெண்ணா என்று தனிக் கட்டம் வைப்பதைவிட இது வசதி என்று அவரே எழுதுகிறார். டேட்டாபேஸில் ஒரு காலத்தை மிச்சம் பிடிக்க மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் மனசாரக் கும்பிட்டேன்.

எண்ணிக்கையைவிட, எண்ணும்போது பார்க்கக் கிடைப்பதுதான் தனக்கு முக்கியம் என்று அதே இடத்தில் சொல்லிவிடுகிறார். உதாரணத்துக்கு ஒன்று. தீவின் மருத்துவமனையில் ஒரு நாள் அவரே ஓபி பார்க்கிறார். கழுத்தில் கட்டியோடு ஒரு பையன் வருகிறான். கீறக் கத்தி கேட்கிறார். உதவியாளர்கள் ஓடிப்போய்க் கொண்டுவருகிறார்கள், மொட்டை. சாணை பிடித்ததுதானே என்கிறார்கள். இன்னொன்று வருகிறது, அதுவும் மொட்டை. பேசின் இல்லை, பஞ்சு இல்லை, நல்ல கத்தரிக்கோல் இல்லை, தண்ணீர்கூடப் போதுமான அளவு இல்லை. அவ்வளவுதான். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை அது. அதையே கதையில் செய்தபோதுதான் உலகம் அவரைக் கொண்டாடியது.

திரும்பி வந்தது கப்பலில், ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக. வழியில் இறந்தவர்களைத் துணியில் சுற்றிக் கடலில் போட்டதைப் பார்த்தார். பிறகு இலங்கையில் இறங்கினார். கொழும்பும் கண்டியும் அவருக்குச் சொர்க்கமாகத் தெரிந்தன. கீரிப்பிள்ளைகூட வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் அவருக்குக் கருக்கொண்ட கதை 'கூசெவ்': கப்பலில் காசநோயால் சாகும் ஒரு சிப்பாயின் கதை. டாக்டர் லீவில் இருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இவ்வளவு செய்தும், சகலின் புத்தகத்தை ஆராய்ச்சியாக ஏற்று அவருக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வாய்ப்புத் தர முடியுமா என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டபோது, மருத்துவத் துறையின் டீன் சம்மதிக்கவில்லை.

மூன்றாவது, உடம்பு. நான் அவளிடம் சொல்லாமல் விட்ட பாதி இது.

1892ல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகொவோவில் ஒரு பண்ணை வாங்கினார். அந்த வருடமே காலரா பயம். 25 கிராமங்கள், 4 தொழிற்சாலைகள், ஒரு மடாலயம், இவ்வளவுக்கும் அவர்தான் டாக்டர். கொஞ்சமாவது என் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் கையில் காசில்லை என்றும் எழுதுகிறார். அந்தக் கோடையில் இலக்கியத்தைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. ஆக, சமநிலை எல்லாம் கிடையாது. சில மாதம் ஒன்று மற்றதை முழுசாக விழுங்கியது, அவ்வளவுதான். 'வார்டு எண் 6' அந்த வருடக் கடைசியில்தான் வெளிவந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1884ல், டாக்டர் பட்டம் வாங்கிய அதே வருடம், அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்றார். 1889ல் அண்ணன் நிகொலாய் காசநோயால் செத்துப்போனார். பக்கத்திலிருந்து பார்த்தவர் இவர். அப்போதும் தன் மார்பில் யாரும் ஸ்டெதஸ்கோப் வைக்க விடவில்லை. 1897 மார்ச்சில் மாஸ்கோவில் ஒரு உணவகத்தில், சுவோரினோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில், வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. அதன் பிறகுதான் மருத்துவமனை. அதுவும் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரின் மருத்துவமனை. பதின்மூன்று வருடம்! ஆயிரக்கணக்கான பேரின் நெஞ்சைத் தட்டிப் பார்த்த மனுஷன். அத்தோடு டாக்டர் தொழிலை ஏறக்கட்ட வேண்டியதாயிற்று. 1904ல் இறந்தபோது வயது 44. இப்போது எனக்கு ஆகிற வயது.

மருத்துவம் படித்ததால்தான் என் பார்வை விரிந்தது, பல தவறுகளிலிருந்து தப்பித்தேன் என்று 1899ல் செகாவே எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ரெண்டையும் சேர்த்துச் செய்ததால் கிடைத்ததும் உண்மை. ரெண்டையும் செய்தவர் தன்னைக் கவனிக்க மட்டும் நேரம் ஒதுக்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே திருத்திய பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவள் இதைப் படிப்பாள்.

முடியும்மா. ஆனா எது எதுக்குச் சோறு போடப்போகுதுன்னு முதல்லயே கணக்குப் போடு. டாக்டர் வேலைதான் போடும்னு கட்டாயம் இல்ல. தினமும் ரெண்டையும் சமமா நிறுத்தணும்னு பாக்காத. ஒரு வருஷம் வார்டு உன்னை முழுங்கும், அப்ப நோட்டு மட்டும் பையில இருந்தா போதும். அந்த நோட்டை விட்டுடாத, அதுதான் உன் அட்டை.

அப்புறம், ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா, உனக்கு நீயே வைத்தியம் பாக்காம இன்னொரு டாக்டர்கிட்ட போ. பொங்கலுக்கு வந்தப்ப நீ இருமிக்கிட்டேதான் இருந்த. நான் கவனிச்சேன், கேக்கலை. இப்ப கேக்கறேன்: எக்ஸ்ரே எடுத்தியா?