மஞ்சூர் என்னும் சொல்

வடபுலத்தில் வாழும் நம்மவர் செவிக்கு 'மஞ்சூர்' என்னும் சொல் புதியதன்று. விடுப்பு மனுவாயினும் கடன் மனுவாயினும், மேலதிகாரி இசைந்துவிட்டால் 'மஞ்சூர் ஆயிற்று' என்பர். அச்சொல்லின் பிறப்பை ஆராயுங்கால் அரியதொரு கருத்துப் புலனாகின்றது.

மஞ்சூர் அரபுச் சொல். நோக்குதல் எனப் பொருள்படும் வினையினின்று பிறந்தது. 'நோக்கப்பட்டது' என்பதே அதன் நேர்ப்பொருள். குழந்தைக்குக் கண்ணேறு பட்டதென அண்டை வீட்டார் கூறும் 'நஜர்' என்பதும் அதன் உடன்பிறப்பே. அரபியினின்று பாரசீகம் சென்ற இச்சொல், மொகலாயரின் ஆட்சிமொழியோடு இந்நாட்டுக் கச்சேரிகளிற் புகுந்தது. 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கம்பெனியார் நீதிமன்றங்களினின்று பாரசீகத்தை விலக்கத் தலைப்பட்டனர். மொழி போயிற்று, சொல் நின்றது. தமிழகத்து நீதிமன்றங்களில் வழங்கிவரும் 'நாசர்' என்னும் பதவிப் பெயரும் இவ்வேரினதே. 'நோக்குபவர்' என்பது அதன் பொருள்.

இனி, நம் முன்னோர் இதற்கு வைத்த சொல் யாது? 'ஒப்பு' என்பதாகும். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த வரலாற்றைச் செப்பேடு கூறுகின்றது. மன்னன் வாயாற் சொன்ன ஆணை உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஓலை எழுதுவான் அதனை எழுதினான். ஓலைநாயகர் தம் ஒப்பினை இட்டனர். அதன் பின்னரே அது வரிப் புத்தகத்திற் பதிவாயிற்று. ஒப்பு என்பது ஒத்திருத்தல். சொன்னதும் எழுதியதும் ஒத்துள்ளன எனக் கண்டு இடுவதே ஒப்பு எனக் கொள்ளலாம். இன்று நாம் இடும் கையொப்பத்திலும் அச்சொல்லே உறைகின்றது.

அரபு மொழி 'கண்டேன்' என்றது. தமிழ் 'ஒத்துப் பார்த்தேன்' என்றது. அதிகாரத்தின் பெருமையை இரண்டுமே பேசவில்லை. இசைவு தருவோன் முதலிற் செய்யவேண்டிய கடமையையே இரண்டும் உணர்த்துகின்றன.

அலுவலகத்தில் பிறர் மனுக்களில் கையெழுத்திடுவோர் நம்மிற் பலர். சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கிற்கு ஆண்டுதோறும் இசைவு தருவோரும் நாமே. காணாது தந்த இசைவு மஞ்சூர் ஆகாது. ஒத்துப் பாராது இட்ட கையெழுத்து ஒப்பமும் ஆகாது. பேனாவை எடுக்குமுன் இவ்விரு சொற்களின் பொருளையும் நாம் நினைவுகூர்வோமாக!