மாறிலிகளின் பட்டியலும் மாவட்டங்களின் எல்லையும்

கணினி நிரலில் மாறிலி எனப்படுவது, ஒருமுறை பெயரிட்டு மதிப்பளித்தபின் அந்நிரல் ஓடி முடியுமளவும் மாற்றவொண்ணாத பொருளாகும். ஆயினும் அந்த ஸ்திரத்தன்மை ஓர் ஓட்டத்திற்குள் அடங்கியதே என்பதையும், அந்நிரல் எவ்வுலகைப் பற்றிப் பேசுகிறதோ அவ்வுலகம் மாறாதிருக்கும் என்பதற்கு அது பிணையன்று என்பதையும் நம் நிரலாளர் பலர் கருத்திற் கொள்வதில்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் இணைய நிரல்மொழியை எடுத்துக்கொண்டு, சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வரலாற்றை அதற்கு உரைகல்லாக வைத்து, எதனை மாறிலியாக்கலாம், எதனை ஆக்கலாகாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மொழியில் மாறிலியை ஆக்குவதற்கு 'டிஃபைன்', 'கான்ஸ்ட்' என இரு வழிகள் உண்டு. ஆக்கியவற்றையெல்லாம் ஒருங்கே காண்பதற்குக் 'கெட்_டிஃபைண்ட்_கான்ஸ்டன்ட்ஸ்' என்னும் செயற்கூறு உண்டு. அதனிடம் 'மெய்' என்னும் மதிப்பைக் கொடுத்தால், மொழியின் கருவைச் சார்ந்தவை, ஒவ்வொரு நீட்சியையும் சார்ந்தவை, நிரலாளர் தாமே வகுத்தவை என இனம் பிரித்துத் தருகிறது. கடைசியிற் கூறிய 'யூசர்' என்னும் பிரிவே ஆராய்ச்சிக்குரியது. வகுப்புகளுக்குள் அமைந்த மாறிலிகள் இப்பட்டியலில் வாரா. அவற்றுக்கு 'ரிஃப்ளெக்‌ஷன்' வழியையே நாடவேண்டும்.

மொழியே வகுத்தளித்த மாறிலியும் காலத்தால் மாறுவதுண்டு. பிழையறிவிப்புகள் அனைத்தையும் குறிக்கும் 'ஈ_ஆல்' என்பதன் மதிப்பு, 5.2ஆம் பதிப்பில் 6143, 5.3இல் 30719, 5.4இல் 32767, 8.4ஆம் பதிப்பிலோ மீண்டும் 30719. பெயர் நிலைத்து நின்றது. எண் மும்முறை வேறாயிற்று. 32767 என்னும் எண்ணை நேரே எழுதிவைத்தவர் பழைய பதிப்பொன்றின் வழக்கத்தைத் தம் நிரலிற் புதைத்தவராகிறார். பெயரை எழுதியவரோ அவ்வப்பொழுது வழங்கும் மதிப்பைத் தாமே பெறுகிறார். திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில், நிவேதனத்திற்குரிய பொருள்களை இத்தனை அளவென்று கூறுவதோடமையாமல், 'மலைகினியநின்றான் கால்' என்று அளவையின் பெயரையும் பொறித்துவைத்தவர்கள், எண்ணுக்குப் பொருள் தருவது அளவையே என்பதை நன்குணர்ந்திருந்தார்கள். நிரலில் பெயரிட்ட மாறிலிக்கு இருக்கும் பிரயோஜனமும் இதுவே.

இனி மாவட்டங்களுக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு உருவாயிற்று. 1953 அக்டோபரில் சென்னை இராஜ்யத்தினின்று பிரிந்து ஆந்திர இராஜ்யத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று, இராஜ்ய எல்லை பற்றிய படாஸ்கரின் தீர்ப்பையொட்டித் திருத்தணி அதனினின்று சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் பதின்மூன்று மாவட்டங்கள் இருபத்தாறாகப் பிரிக்கப்பட்டபோது, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்ய மாவட்டத்தில் அடங்கிற்று. நெல்லூரைச் சார்ந்திருந்த கூடூரும், ஸ்ரீஹரிக்கோட்டையை உட்கொண்ட சூலூர்ப்பேட்டையும் திருப்பதியோடு சேர்க்கப்பட்டன.

மாவட்டங்களின் பெயரை மாறிலியாக வகுத்து வைத்த நிரலொன்று அந்த ஏப்ரலில் என்ன செய்யும்? பெயர்களைத் திருத்தினால் போதும் என்பார் உண்டு. அது போதாது என்பதே என் துணிபு. 1958இல் திருத்தணியிற் பிறந்த ஒருவருக்குப் பிறந்த மாவட்டம் சித்தூர், இராஜ்யம் ஆந்திரப் பிரதேசம். 1961இல் அதே தெருவிற் பிறந்த அவர் தம்பிக்கு இராஜ்யமே வேறு. மாறிலி இன்றைய விடையை மட்டுமே அறியும். எந்நாள் முதல் எந்நாள் வரை என்னும் விஷயத்தை அதில் எழுத இடமில்லை. ஆகவே மாவட்டம் என்பது தொடக்க நாளும் முடிவு நாளும் தாங்கிய அட்டவணையில், தரவுத்தளத்திற்குள் இருக்கவேண்டியது.

அஞ்சல் குறியீட்டைப் பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. சித்தூருக்கு 517001, திருப்பதிக்கு 517501 ஆதலின், முதல் மூன்று இலக்கமும் 517 எனில் சித்தூர் மாவட்டம் என்று விதி வகுத்தல் எளிது. மாவட்டம் பிரிந்தபோது அஞ்சல் குறியீடு பிரியவில்லை. கூடூரின் 524101ம் அப்படியே நின்றது. ஆகவே 2022இல் ஒரே மாவட்டத்திற்குள் 517ம் 524ம் இடம்பெற்றன. அஞ்சலார் பகுத்த எல்லை வேறு, ஆட்சியாளர் பகுத்த எல்லை வேறு.

தொலைபேசிக் குறியீட்டிலுள்ள இடரோ மொழியின் இலக்கணத்தால் நேர்வது. திருப்பதியின் குறியீடு 0877, சித்தூருடையது 08572. மேற்கோட் குறியின்றி இவற்றை எண்ணாக எழுதினால், சுழியில் தொடங்குவதை எட்டடிமான எண்ணென்று பி.எச்.பி. கருதும், எட்டடிமானத்தில் 8 என்னும் இலக்கமே கிடையாது. 7ஆம் பதிப்புக்கு முன்னர் அது வாய்திறவாமல் எஞ்சிய இலக்கங்களை விலக்கிவிடும். இரண்டு நகரங்களின் குறியீடும் 0 என்றாகும். 7ஆம் பதிப்பு முதல் நிரலையே ஏற்க மறுக்கிறது. அம்மறுப்பை நான் நன்மையென்றே கொள்கிறேன். கூட்டவும் பெருக்கவும் ஆகாத இத்தகைய குறியீடுகளை எழுத்துச் சரமாகவே வகுத்தல் வேண்டும்.

இப்பிரதேசத்தார்க்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குவதால் மற்றொன்றும் கூறத்தக்கது. மாறிலிக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிட இம்மொழி இடங்கொடுக்கிறது. ஆனால் அது பெயர்களை ஒப்பிடுவது பைட்டுகளைக் கொண்டே. 'கொள்ளளவு' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் நிரலுக்கு வெவ்வேறு பெயர்கள். 8ஆம் பதிப்புக்கு முன், வகுக்கப்படாத பெயரை வெறும் சரமாகக் கொண்டு எச்சரிக்கையோடு மேற்செல்லும். இப்போது பிழையென்று நின்றுவிடும். பட்டியலை அச்சிட்டுப் பார்ப்பவருக்கு ஒரே சொல் இருமுறை வந்திருப்பது உடனே புலப்படும்.

எனவே ஒவ்வொரு வெளியீட்டின்போதும் 'யூசர்' பிரிவின் பட்டியலை அகராதி வரிசைப்படுத்தி, பி.எச்.பி.யின் பதிப்பெண்ணையும் தேதியையும் மேலே குறித்து, நிரலோடு சேர்த்துப் பாதுகாத்து, முந்தைய பட்டியலோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அதில் ஊர்ப்பெயரோ, மாவட்டமோ, வரிவிகிதமோ தென்படுமாயின், அதனை மாறிலியினின்று நீக்கித் தேதி தாங்கிய அட்டவணைக்கு மாற்றுதலே முதற்பணி.