லத்தீனும் தாய்மொழியும்

1864-ஆம் ஆண்டில் ஒன்பதாம் பியூஸ் போப்பாண்டவர் ‘பிழைகளின் பட்டியல்’ என்றதோர் ஏட்டை வெளியிட்டார். எண்பது கருத்துக்கள் அதிற் கண்டிக்கப்பட்டிருந்தன. முன்னேற்றத்தோடும் தாராளக் கொள்கையோடும் நவீன நாகரிகத்தோடும் போப்பாண்டவர் இணங்கிச் செல்லவேண்டும் என்பது எண்பதாவது கருத்து. அதுவும் பிழையெனத் தள்ளுண்டது. இத்தாலிய ஒற்றுமை இயக்கத்தார் அவருடைய ஆட்சி நிலங்களிற் பெரும்பகுதியைக் கைக்கொண்டிருந்த காலம் அது. அச்சத்திற் பிறந்த சினமென்றே நாம் அதனைக் கொள்ளலாம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1962 அக்டோபர் 11 அன்று, இருபத்து மூன்றாம் ஜான் போப்பாண்டவர் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைத் தொடங்கிவைத்தார். நிகழ்காலத்தில் அழிவை மட்டுமே காண்போருடன் தமக்கு உடன்பாடில்லை என்று தொடக்கவுரையிலேயே அவர் கூறிவிட்டார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மேற்றிராணிமார் கூடியிருந்தனர். விவாத மொழி லத்தீன். அதனைக் கேட்டு உடனுக்குடன் விளங்கிக்கொள்ள இயலாதவர் அவர்களிற் பலர். கீழைச் சபையொன்றின் தலைவரான நான்காம் மாக்ஸிமோஸ், லத்தீன் தம் சபையின் மொழியன்று எனக் காட்டும்பொருட்டுப் பிரெஞ்சிலேயே பேசினார்.

வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்த சாசனம் 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேறியது. ஆதரவு 2,147, எதிர்ப்பு நான்கே. தாய்மொழிக்கு இசைவளித்த அச்சாசனமும் லத்தீனில்தான் எழுதப்பட்டிருந்தது!

நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதுமையன்று. கேரளத்துச் சீரோ மலபார் சபையார், சங்கம் கூடுவதற்கு மூன்று திங்களுக்கு முன்னரே, சிரியாக் மொழியிலிருந்த பூசையை மலையாளத்தில் நடத்தத் தொடங்கிவிட்டனர்.

சங்கம் முடிவுறுவதற்கு முந்திய நாளான 1965 டிசம்பர் 7 அன்று, இக்கால உலகில் திருச்சபை பற்றிய சாசனம் வெளியாயிற்று. திருமணம், பொருளாதாரம், பண்பாடு, போர் ஆகிய யாவும் அதில் ஆராயப்படுகின்றன. பிரெஞ்சில் வரைந்து பின்னர் லத்தீனாக்கிய ஏடு அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, நவீன ஆலைக்கும் அணுப்படைக்கும் பண்டை மொழியிற் சொல் தேடியோரின் பாடு நன்கு விளங்கும். ஆயினும் நேயர்கள் கருதத்தக்க பகுதி வேறு. நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் பங்கு சிறிதன்று என அச்சாசனம் ஒப்புக்கொள்கிறது. பிறர் பிழைகளை எண்ணிக் காட்டிய பீடம், தன்னவர் பிழையையும் எண்ணத் தலைப்பட்டது இங்கேதான்.

இழப்பும் இல்லாமற் போகவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பாடப்பட்ட லத்தீன் இசை பல கோயில்களில் ஓய்ந்தது. பிரெஞ்சுப் பேராயர் லெஃபெவ்ர் பழைய முறையை விடமறுத்தார். ரோமின் இசைவின்றி மேற்றிராணிமாரை அபிஷேகம் செய்ததால் 1988-இல் சபை விலக்குக்கு உள்ளானார். அப்பழம் பூசைக்குப் பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் பரந்த இசைவளித்தார். பிரான்சிஸ் 2021-இல் அதனை மீண்டும் சுருக்கினார்.