முதுகில் போடும் ஊசி

நாக்பூரில் நம்மூர்க் குடும்பங்களில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். மயக்க மருந்து டாக்டராக இருப்பதன் பலன் :-) போன வாரம் ஒரு அக்கா கேட்டார்:

"தம்பி, இவருக்கு ஹெர்னியாவுக்கு முதுகுல ஊசி போட்டப்ப தொப்புளுக்குக் கீழதான் மரத்துச்சு. பொண்ணுக்கு சிசேரியன்ல நெஞ்சு வரைக்கும் மரத்துப்போச்சே! மருந்தை அதிகமாப் போட்டுட்டாங்களா?"

"இல்லைக்கா, சிசேரியனுக்கு அந்த உயரம் வேணும். ஆனா பொதுவா அவங்களுக்குத்தான் மருந்து கம்மி" என்றேன். நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன், ஒரு தொழிலாளியின் தண்டுவட நீரில் கொக்கெயின் செலுத்திக் கணுக்காலில் ஆபரேஷன் செய்தார். மருந்து எவ்வளவு உயரம் ஏறும் என்பது அன்று யார் கையிலும் இல்லை. 1907-ல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் மருந்தில் குளுக்கோஸ் கலந்தார். தண்டுவட நீரைவிடக் கனமான மருந்து பள்ளம் பார்த்து ஓடும். ஆளைச் சாய்த்து அதைத் திருப்பலாம். இன்று நாங்கள் போடும் 'ஹெவி' மருந்தும் அதே யோசனைதான்.

அப்படியும் ஒரே அளவு மருந்து ஒருவருக்கு இடுப்போடு நிற்கும், இன்னொருவருக்கு நெஞ்சுக்கு ஏறும். உயரம் காரணமா? பெரியவர்களிடம் அது பெரிய வித்தியாசம் செய்வதில்லை. 1998-ல் அமெரிக்காவில் பத்துப் பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் இருந்த நீர் ஒருவருக்கு 43 மி.லி., இன்னொருவருக்கு 81 மி.லி.! நீர் குறைந்தவர்களுக்கு மரப்பு மேலே ஏறியது. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிக்குக் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்த, தண்டுவடத்தைச் சுற்றிய நாளங்கள் புடைத்து, நீருக்கு இடம் குறைகிறது. நரம்புகளும் மருந்துக்குச் சீக்கிரம் மசிகின்றன. வயதானவர்களுக்கும் மருந்து சற்று மேலேறும்.

ஆகவே, ஊசி போட்டபின் ஸ்பிரிட் பஞ்சால் வயிற்றைத் தொட்டு "டண்டா லக் ரஹா ஹை?" (சில்லென்று இருக்கிறதா?) என்று கேட்பது பேச்சுக்காக அல்ல. மருந்து எங்கே நிற்கிறது என்று அந்தப் பதிலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இந்தி தெரியாத நம் அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். ஊரிலிருந்து ஆபரேஷனுக்கு அழைத்து வந்தால், முந்தின நாளே 'டண்டா' என்ற ஒரு சொல்லையாவது சொல்லிக்கொடுங்கள். மூச்சு முட்டினாலோ குமட்டினாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள், தமிழிலேயே கத்தினாலும் பரவாயில்லை.