திரும்பிப் போக ஒரு வீடு

ஒரகடம் கூட்டுரோட்டில் விடிகாலையில் இரண்டு கூட்டம் எதிரெதிரே போகும். ஒன்று நைட் ஷிப்ட் முடித்து வருவது, இன்னொன்று முதல் ஷிப்டுக்குப் போவது. 2011-ல் இரண்டிலும் மாறி மாறி நான் இருந்திருக்கிறேன். இப்போது கோட் எழுதிப் பிழைக்கிறேன். அப்போது ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னி. காண்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்த வீட்டில் பன்னிரண்டு பேர், ஆறு பாய். ஒருத்தர் எழுந்தால்தான் இன்னொருத்தர் படுக்க முடியும்.

அதில் ஒருவரை எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். நைட் முடித்து வந்தால் குடிப்பார். பிறகு போகும் முன்பும் குடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் கேட்டில் ஊதச் சொன்னார்கள். அன்றைக்கே பாஸ் போனது. சாயங்காலம் அவருடைய பை வாசலில் இருந்தது. வேலை இருந்தால்தான் பாய்.

பஸ் ஸ்டாப்பில் படுத்துக்கொண்டார். கையில் காசில்லை, அதனால் குடியும் இல்லை. மூன்றாம் நாள் கை நடுங்கியது. இல்லாத யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ‘போதை தலைக்கேறிடுச்சு’ என்றோம். நாங்கள் நினைத்தது தலைகீழ் என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வருடக்கணக்காகக் குடித்த உடம்புக்குச் சட்டென்று மது நின்றால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டிய நேரம். நாங்கள் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு, ‘ஊருக்குப் போயிடுண்ணே’ என்றோம்.

‘எந்த ஊருக்குப்பா?’ என்றார்.

*

குடிப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு சொன்ன முதல் பெரிய பதில், கடையை மூடு என்பது. 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ராஜாஜி ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். உடன் வேலை செய்தவர் கல்கி. 1937-ல் ராஜாஜி பிரதமராக இருந்தபோது மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில் வந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

1971-ல் அது தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் மறுபடி கடை திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. இந்த நீண்ட வழக்கில் இரு தரப்பும் பேசியது கடையைப் பற்றி. திறப்பதா, மூடுவதா? ஏற்கெனவே அடிமையாகிவிட்ட மனிதர் மூடினால் குற்றவாளி, திறந்தால் வாடிக்கையாளர். நோயாளியாக அவர் எங்கேயும் இல்லை.

*

அந்த மூன்றாவது பார்வை 1980-ல் சென்னையில் ஒரு வீட்டுத் துக்கத்திலிருந்து வந்தது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் 1979-ல் குடிநோயால் இறந்தார். வயது முப்பத்துச் சொச்சம். மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து கணவர் பெயரில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னை இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனை அப்படி உருவானதுதான். முதலில் மருந்து கொடுத்து உடம்பை மதுவிலிருந்து பத்திரமாக இறக்குவது, பிறகு ஆலோசனை, பிறகு தொடர் கண்காணிப்பு. கூடவே மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக வகுப்பு. 1989-லிருந்து மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கூலிக்காரர்களுக்கு அது பெரிய வாசல்.

இந்த முறையின் பலமே குடும்பம்தான். மாத்திரையை யார் பார்த்துக் கொடுப்பது, சறுக்கினால் யார் கூட்டிவருவது, எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாதவர் என்ன செய்வார்? இதை அந்த மருத்துவமனையின் குறையாகச் சொல்லவில்லை. கணவனை இழந்த ஒரு மனைவி கட்டிய இடம், இன்னொரு மனைவியை மனதில் வைத்துத்தானே கட்டப்படும்.

*

வீடற்றவருக்கான சட்டத்தின் கதை வேறு தடத்தில் ஓடுகிறது. 1945-ல் மதராஸில் வந்தது பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம். தெருவில் இருப்பவரைப் பிடிப்பதுதான் அதன் அக்கறை. 2010-ல்தான் உச்ச நீதிமன்றம் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இருபத்திநான்கு மணி நேரக் காப்பகம் வேண்டும் என்றது. அந்தக் கணக்கு பெருநகரங்களுக்கானது. ஒரகடமோ, இத்தனை ஆலைகளுக்கு நடுவிலும், அரசுக் கணக்கில் கிராமம்.

2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். இதில் கூரையில்லாதவருக்கு எந்த இடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

வழக்கமான வரிசை இது: முதலில் குடியை நிறுத்து, பிறகு வேலை, பிறகு வீடு. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். நிபந்தனையில்லாமல் முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குள் இருந்துகொண்டு. 2005-ல் சியாட்டிலில் நெடுநாள் தெருவில் கிடந்த, கடுமையாகக் குடிக்கும் 75 பேருக்கு ஒரு கட்டடம் திறந்தார்கள். அறைக்குள் குடிக்கலாம். ‘வரிப்பணத்தில் குடிக்க இடமா?’ என்று ஊரே சண்டை போட்டது. ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது ஆஸ்பத்திரிக்கும் சிறைக்கும் ஆகும் செலவு குறைந்திருந்தது. இரண்டு வருடத்தில் அவர்கள் குடிக்கும் அளவும் படிப்படியாக இறங்கியிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லாமலே.

இது குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’, தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களுக்கான இடம். பலர் குணமாகி ஊர் திரும்பினார்கள். திரும்ப வீடில்லாதவர்கள் வருடக்கணக்கில் உள்ளேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015 வாக்கில் சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பேரைச் சேர்ந்து குடிவைத்தார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். அக்கம்பக்கம், கோயில், மளிகைக்கடை எல்லாம் உண்டு. நோய் வேறு, ஆனால் அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

*

2024-ல் ஒரகடம் பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறந்தது. செலவு 706 கோடி ரூபாய். நல்ல விஷயம், பன்னிரண்டு பேருக்கு ஆறு பாயில் படுத்தவன் சொல்கிறேன். ஆனால் அதுவும் வேலையோடு வரும் படுக்கைதான். வேலை போன மறுநாளுக்கு, கூட்டுரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஐந்து பேர் தங்க ஒரு வாடகை வீடும், நடுக்கத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொள்ளும் ஒரு நர்ஸும் போதும். தொடங்குவதற்கு அவ்வளவுதான் வேண்டும்.

அண்ணனைத் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான். கண்டக்டர் ‘எங்கே?’ என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தாம்பரம் என்று சொல்லி டிக்கெட் வாங்கி அவர் கையில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு நைட் ஷிப்ட். ரூமுக்கு வந்தபோது அவருடைய பாய் காலியாக இருந்தது. அதில்தான் படுத்துத் தூங்கினேன்.