கோவூர் கிழாரும் ஹைமனும்: அரசனுக்கு உரியவராய் நின்று அரசனைத் தடுத்தல்

கிரேக்க அவல நாடகத்தைத் தமிழோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஆன்டிகனியையும் கண்ணகியையும் இணை வைப்பர். இருவரும் அரசனை நேர்நின்று எதிர்த்தவர்கள். கி.மு. 441ஐ ஒட்டி ஏதென்ஸில் அரங்கேறிய சோபோக்ளிஸின் ஆன்டிகனி நாடகத்தில் இன்னொருவனும் இருக்கிறான். ஆன்டிகனிக்குச் சாவு விதித்த அரசன் கிரியோனின் மகன் ஹைமன், தந்தைக்கு உரியவனாக இருந்துகொண்டே தந்தையின் ஆணையைத் தடுக்க முயன்றவன். அவனுக்குத் தமிழில் இணை தேடினால், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் பகுதியாகிவிட்ட உறையூரின் சோழர்களைப் பாடிய கோவூர் கிழாரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

புறநானூற்றின் 46ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குறுநில மன்னன் மலையமானின் மக்களை யானைக்கு இடப் போகிறான். நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்கிறார் கிழார். இவர்களோ புலவரின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்துண்டவர் குடியினர். அடுத்து, குழந்தைகளையே காட்டுகிறார். கொல்ல நிற்கும் யானையைக் கண்டு அவர்கள் அழுகையை மறந்துவிட்டார்கள். சுற்றியிருக்கும் மன்றத்தைப் பார்த்துத்தான் மருள்கிறார்கள். யானையிடம் இல்லாத அச்சத்தை மனிதர் முகங்கள் தருகின்றன! கேட்டாய், இனி உன் விருப்பப்படி செய் என்று பாட்டு முடிகிறது.

இந்த முடிவைப் பணிவு என்று கொள்வதை நான் ஏற்கவில்லை. ஹைமனும் பணிவாகத்தான் தொடங்குகிறான். நகரத்தார் இருளில் முணுமுணுப்பதைச் சொல்கிறான். வெள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும் மரமே பிழைக்கும் என்கிறான். ஆனால் ஆன்டிகனி அவனுக்கு மணம் பேசப்பட்டவள். பெண்ணுக்கு அடிமையானவன் என்று கிரியோன் ஏசுவதற்கு அந்த உறவே போதுமானதாகிறது. பேச்சு தடித்து, ஹைமன் வெளியேறுகிறான். பின்னர் ஆன்டிகனி அடைக்கப்பட்ட கல்லறைக் குகையில் தந்தைமீதே வாள் ஓங்கி, அது தவற, அதே வாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறான். அவன் துணிவு கடைசிவரை குன்றவில்லை. தந்தையோடு அவனைப் பிணைத்திருந்த பற்றுதான் அறுந்தது. கிழாருக்கோ அந்தக் குழந்தைகளோடு இத்தகைய உறவு எதையும் பாட்டு சொல்லவில்லை. முடிவை அரசனிடமே விட்டதால் பழியும் அரசனையே சேர்கிறது. கிள்ளிவளவனுக்குக் கோபப்பட இடமில்லை.

பரிசில் பெற்று வாழ்ந்தவரின் துணிவு எவ்வளவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பலமுறை புகழ்ந்தவர். அதே நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு, இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தபோது, இருவர் அணிவதும் ஒரே ஆத்தி மாலை, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று (புறம் 45) இருவரையும் சேர்த்தே இடித்துரைத்தார். புலவன் என்பதால் உயிருக்கு உறுதியும் இல்லை: நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த புலவன் இளந்தத்தனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்ததை 47ஆம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. இளந்தத்தனுக்காகப் பேசியவரும் கிழாரே.

அடிக்குறிப்புகள் பிற்காலத்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மலையமான் பெயரும் குழந்தைகள் பிழைத்த செய்தியும் 46ஆம் பாட்டின் அடிக்குறிப்பில்தான் உள்ளன. பாட்டோ தீர்ப்புக்கு முன்பே நின்றுவிடுகிறது. இதனால் என் வாதம் தளரவில்லை. கிழாரின் துணிவை அளக்க, குழந்தைகள் பிழைத்தார்களா என்ற செய்தி தேவையில்லை. ஆன்டிகனி நாடகத்தைத் தமிழ் மாணவருக்குப் பாடம் சொல்வோர் சிலப்பதிகாரத்தோடு நிறுத்திவிடாமல், புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாட்டுகளையும் உடன்வைத்துப் படிப்பிக்க வேண்டும்.